ஷ்ரெடரைவிடத் தபால் பெட்டிக்குத்தான் என் ஓட்டு

நம் பெயர், விலாசம், எண்கள் தாள் வழியாகத் திருட்டுப் போகாமல் இருக்க மூன்று சாமான் வாங்கினேன். எங்கள் தெருமுனை வெல்டிங் பட்டறையில் அளவு சொல்லிச் செய்த, பூட்டு போடுகிற தபால் பெட்டி 950 ரூபாய். ஆன்லைனில் எடுத்த ஷ்ரெடர், அதாவது தாளை வெட்டிப்போடுகிற மிஷின், தள்ளுபடி போக 4,300. பெயர், விலாசத்தின் மேல் உருட்டினால் எழுத்து மறைந்துவிடும் என்று விளம்பரம் செய்கிற மை ரோலர் 380. மூன்றும் ஒரு கத்திரி வெயிலையும் ஒரு ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டன. இனி தைரியமாக எழுதலாம்.

நான் பாரிமுனையில் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டாகுமென்டேஷன் பார்க்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர்களுடைய பான் கார்டு, ஆதார் நகல், கேன்சல் செய்த செக், ஜிஎஸ்டி சான்றிதழ் என்று கையில் புரண்டுகொண்டே இருக்கும். ஒரு ஆள் பெயரில் ஒரு காரியத்தை ஆரம்பிக்க எத்தனை தாள் வேண்டும் என்பது எங்களுக்கு அத்துப்படி. நிறைய வேண்டாம். பெயர், பிறந்த தேதி, பான் எண், விலாசத்துக்கு ஒரு சான்று. இதில் பாதி உங்கள் வீட்டு வாசலில் தபாலாக வந்து விழுகிறது, மீதி ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் கிடக்கிறது.

எங்கள் சந்தில் தையல் வேலை செய்கிற அக்கா ஒருவர், புது மிஷின் வாங்க வங்கிக் கடனுக்குப் போனார். ஏற்கெனவே உங்கள் பெயரில் ஒரு கடன் கட்டாமல் நிற்கிறதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வாங்காத கடன். ஏதோ ஒரு கடன் ஆப் வழியாக, அவருடைய பான் எண்ணைக் கொடுத்து, வேறு யாருடைய போன் நம்பரையோ போட்டு எடுத்திருக்கிறார்கள். அவருடைய விவரம் எந்த வழியாக வெளியே போனது என்று கடைசி வரை தெரியவில்லை. தபாலா, ஜெராக்ஸ் கடையா, பழைய பேப்பர் கடையா, எதுவாகவும் இருக்கலாம். அவர் வீட்டில் தாள் வருகிற வழியும் போகிற வழியும் எங்கள் வீட்டைப் போலத்தான். அதனால்தான் இந்த மூன்று சாமானும்.

முதலில் பெட்டி. நாங்கள் இருப்பது ராயபுரம், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், நான்கு குடித்தனம் இருக்கிற பழைய வீடு. நான்கு வீட்டுக்கும் தபால் வந்து சேருகிற இடம் ஒன்றே ஒன்று: மாடிப்படிக்கு அடியில், ஈபி மீட்டர் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு. எல்ஐசி பிரீமியம் நோட்டீஸ், வங்கிக் கடிதம், மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கேதான் செருகியிருக்கும். தண்ணீர் கேன் போடுகிற பையனிலிருந்து கேபிள் பணம் வாங்க வருகிறவர் வரை எல்லாரும் அதைத் தாண்டித்தான் மேலே ஏறுவார்கள். அவர்கள் யாரையும் நான் சந்தேகப்படவில்லை. ஆனால் எல்ஐசி கடிதத்தில் பாலிசி எண், பெயர், முழு விலாசம், கட்ட வேண்டிய தொகை, தேதி எல்லாம் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் போன் செய்து, ‘மேடம், உங்க பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு’ என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

பிராட்வே பக்கம் ஹார்டுவேர் கடைகளில் ரெடிமேட் பெட்டி 400 ரூபாயிலிருந்து இருக்கிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாய் மிகவும் அகலம். கடையிலேயே ஒரு கவரை உள்ளே போட்டு, இரண்டு விரலை விட்டுத் திரும்ப எடுத்துக் காட்டினேன். கடைக்காரர் சிரித்தார். அதைவிட வேடிக்கை பூட்டு. நான் கேட்ட பெட்டிக்குச் சாவியைக் காணோம் என்று, பக்கத்துப் பெட்டியின் சாவியைப் போட்டுத் திறந்தார். “எல்லாம் ஒண்ணுதான்மா” என்றார். மேஜை டிராயரில் வருகிற அதே சின்னப் பூட்டு. இந்த மலிவான ரகத்தில் சாவியின் பல்வரிசை சில மாதிரிகளோடு தீர்ந்துவிடும், திரும்பத் திரும்ப அதுவேதான் வரும். அடுத்த பெட்டியின் சாவியைப் போட்டாலும் திறக்கிற பெட்டி எனக்கு எதற்கு?

பட்டறையில் நான் சொன்ன அளவு இதுதான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 15 அங்குலம், அகலம் 11, ஆழம் 5. வாய் 10 அங்குல நீளம், முக்கால் அங்குல உயரம், அதில் கை நுழையாது. ஏ4 தாள் மடிக்காமல் வருகிற பெரிய கவர் நுழைந்துவிடும். வாய்க்கு நேர் உள்ளே ஒரு தகட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பற்றவைக்கச் சொன்னேன். கவர் அதன் மேல் வழுக்கிக் கீழே போய்விடும். வெளியிலிருந்து கம்பியை வளைத்து விட்டால் தகட்டில்தான் முட்டும். பட்டறைக்காரருக்கு முதலில் இது பிடிபடவில்லை. கோயில் உண்டியல் மாதிரி என்றதும் ஒரு நொடியில் புரிந்துகொண்டார். பூட்டுக்குக் கொண்டி வைத்து, தனியாக ஒரு பித்தளைப் பூட்டு போட்டேன். சுவரில் முடுக்குகிற போல்ட்டுகள் பெட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் ஸ்பேனரைப் போட்டுப் பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விடலாம். இதை நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார். அதற்காக ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்ததும் இந்த 950-ல் அடக்கம்.

குறை இல்லாமல் இல்லை. ராயபுரத்தில் இரும்புச் சாமான் வாங்கினால் கடல் காற்றுக்கு ஒரு பங்கு கொடுத்தே ஆக வேண்டும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு தாக்குப்பிடித்தது, ஆனால் பற்றவைத்த இடங்களில் மேல்பூச்சு எரிந்துபோயிருக்குமே, அங்கே மழை முடிவதற்குள் துரு கண்டுவிட்டது. கீலும் இறுகிவிட்டது. இப்போது தையல் மிஷின் எண்ணெய் விடுகிறேன். நீங்கள் செய்வதானால் பற்றவைத்த இடங்களில் பிரைமர் இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். மேல் மூடியை முன்பக்கம் இரண்டு அங்குலமாவது நீட்டச் சொல்லுங்கள். என் பெட்டியில் ஒரு அங்குலம்தான், அடைமழையில் சாரல் உள்ளே வந்து ஒரு வங்கிக் கடிதம் ஊறிப்போனது. அடித்தகட்டில் நான்கு ஓட்டை போட்டிருந்ததால் தண்ணீர் தேங்கவில்லை.

பெட்டியை மாட்டியதும் தபால்காரரிடம் காட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “மத்த வூட்டுக்காரங்களையும் வெக்கச் சொல்லுங்கம்மா, அந்த இடுக்குல எலி கடிச்சா என்னத்தான் கேக்குறாங்க” என்றார். மேல் மாடிக்காரர்களும் அதே பட்டறையில் சொல்லிவிட்டார்கள். கீழ் வீட்டுத் தாத்தா மட்டும், எனக்கு எவன் கடிதம் போடுகிறான் என்று விட்டுவிட்டார்.

பெட்டியால் ஆகாத ஒரு விஷயமும் இருக்கிறது. டெபிட் கார்டு, செக் புக் போன்றவை ஸ்பீட் போஸ்டிலோ கூரியரிலோ வரும், கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பார்கள். அந்தக் கையெழுத்து யாருடையது? முன்பெல்லாம் பதிவுத் தபால் என்றால் விலாசதாரர் கையில் அல்லது அவர் எழுதிக்கொடுத்த ஆள் கையில்தான் கொடுக்க வேண்டும். ஸ்பீட் போஸ்ட் அப்படி இல்லை, அந்த விலாசத்தில் இருக்கிற ஒருவர் வாங்கிக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அனுப்புகிறவர் கூடுதலாகக் கட்டினால் விலாசதாரரிடமே சேர்க்கிற வசதியும், ஓடிபி சொன்னால்தான் கொடுக்கிற வசதியும் உண்டு. ஆனால் அது அனுப்புகிறவர் பாடு. ஒரே கதவு எண்ணில் நான்கு குடித்தனம் இருக்கிற வீட்டில், பகலில் ஆள் இருப்பது கீழ் வீட்டில் மட்டும்தான் என்றால், நான்கு வீட்டுக் கார்டும் தாத்தா கைக்குத்தான் போகும். எங்கள் தாத்தா தங்கம். ஆனால் கண்ணாடி போடாமல் வாங்கி வைத்து, எந்த வீட்டுக்கு வந்தது என்று தெரியாமல் டிவி மேலேயே வைத்துவிடுவார். அதனால் வங்கியில் கொடுத்த விலாசத்தில் ‘முதல் மாடி, முன்பக்க வீடு’ என்று சேர்த்துவிட்டேன். கார்டு கிளம்பிவிட்டது என்று எஸ்எம்எஸ் வந்தால் அதில் இருக்கிற எண்ணை வைத்து எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். தபால்காரரிடமும் என் போன் நம்பர் இருக்கிறது.

முன்பு குடியிருந்தவர்களின் தபால் இன்னும் எங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதைக் கிழித்துப் போடாமல், ‘விலாசதாரர் இங்கு இல்லை’ என்று எழுதித் தபால்காரரிடமே கொடுத்துவிடுகிறேன். வீடு மாறுகிறவர்கள் பழைய ஏரியா தபால் நிலையத்தில் புது விலாசத்தை எழுதிக் கொடுத்தால் அங்கே திருப்பி அனுப்புவார்கள். பால்காரர், பேப்பர்காரர், கேஸ் ஏஜென்சி என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் தபால் நிலையத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஷ்ரெடர். ஒருமுறை திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வாங்கிய பஜ்ஜி, ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் மடித்து வந்தது. பெயர், வயது, போன் நம்பர், சர்க்கரை எவ்வளவு என்பது வரை எண்ணெயில் பளபளவென்று தெரிந்தது. அந்தம்மாவுக்கு சர்க்கரை அதிகம். நம் வீட்டுத் தாளும் பழைய பேப்பர் கடை வழியாக இப்படி எங்கேயோ போகிறது. நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எப்படி வெட்டுகிறது என்பதை. மலிவு மிஷின்கள் தாளை நீளநீளமாக, நூடுல்ஸாக வெட்டும். எங்கள் ஆபீசில் இருப்பது அந்த ரகம். தாளைக் குறுக்கே விட்டால் கத்தி ஓடுகிற திசையும் எழுத்து வரியும் ஒன்றாகிவிடும், ஒரு கீற்றில் அக்கவுன்ட் நம்பர் முழுசாக உட்கார்ந்திருக்கும். குப்பைக்கூடையில் அப்படி ஒரு கீற்றை எடுத்துப் படித்தே காட்டியிருக்கிறேன். 1979-ல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் மிஷினில் விட்டிருந்த ரகசியத் தாள்களை ஈரானியர்கள் பொறுமையாகக் கீற்றுக்குக் கீற்று சேர்த்துப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். நம் வீட்டுக் குப்பைக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்தான். ஆனால் கீற்று ரகத்துக்கும் துண்டு ரகத்துக்கும் விலை வித்தியாசம் ஆயிரம், ஆயிரத்து ஐநூறுதான்.

துண்டு ரகத்தில் பெட்டி மேல் பி-3, பி-4, பி-5 என்று போட்டிருப்பார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த தரக் கணக்கு அது, பி-1 முதல் பி-7 வரை போகும், எண் ஏற ஏறத் துண்டு சிறிதாகும். நான் எடுத்தது பி-4. ஒரு துண்டு 4 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளம். ஒரு ஏ4 தாள் நானூறு துண்டுக்கு மேல் ஆகிவிடும். தொட்டியில் கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். ஒரு துண்டில் ‘ராய’ என்று மட்டும் இருந்தது, இன்னொன்றில் பூஜ்யம் இரண்டு. எந்தத் தாளின் பூஜ்யம் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு இது தாராளம். பி-5-க்கு மேலே போக வேண்டியதில்லை, விலைதான் ஏறும்.

ஒரே நேரத்தில் ஆறு தாள் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வெயில் காலத்தில் ஐந்து போனது. ஐப்பசியில், தாள் நமுத்துப்போய் இருக்கும்போது, மூன்றுக்கு மேல் விட்டால் முக்கி முனகி நின்றுவிடுகிறது. ரிவர்ஸ் பட்டனை அழுத்தினால் துப்பிவிடும், அது வரைக்கும் நல்லது. இரண்டு நிமிடம் ஓடினால் சூடாகி, அரை மணி நேரத்துக்கு மேல் ஓய்வு கேட்கும். கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது, பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வருடக் கணக்கில் சேர்த்த பழைய ஃபைல்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது. வாரத்துக்கு நாலைந்து கவர் என்றால் சரி. சத்தமும் அதிகம். சீரியல் நேரத்தில் போட்டால் மாமியார் முறைக்கிறார்.

ஏடிஎம் கார்டை விடவும் தனி வாய் இருக்கிறது. வெட்டத்தான் வெட்டுகிறது, ஆனால் ஒரு கார்டில் அந்தத் தங்க நிறச் சிப் கீறல் கூட இல்லாமல் ஒரு துண்டில் முழுசாக வந்து விழுந்தது. அதனால் சிப்பை முதலில் கத்திரியால் நடுவில் வெட்டிவிட்டுத்தான் மிஷினில் விடுகிறேன். ஸ்டேப்லர் பின்னோடு விடலாம் என்கிறார்கள், நான் எடுத்துவிட்டு விடுகிறேன். கத்திக்கு அவர்கள் கொடுத்த எண்ணெயைத் தாளில் கோடு போல விட்டு அந்தத் தாளை ஓட்டினால் போதும். ஸ்பிரே டப்பாவில் வருகிற எண்ணெயை மட்டும் அடிக்காதீர்கள், அதில் இருக்கிற வாயு உள்ளே தங்கி மோட்டார் பொறியில் பற்றிக்கொள்ளும். அப்புறம், முந்தானை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி. தாள் பட்டதும் தானாக ஓடுகிற மிஷின் இது, துணி பட்டாலும் ஓடும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் பரண் மேல் வைத்துவிடுங்கள்.

வெட்டிய தூளை என்ன செய்வது? பழைய பேப்பர் கடைக்காரர் “தூளா இருந்தா வேணாம்க்கா” என்று சொல்லிவிட்டார். அங்கே கிலோவுக்கு வருகிற காசும் போச்சு. ஆனால் நவராத்திரி முடிந்து கொலு பொம்மைகளைக் கட்டி ஏற்றும்போது இந்தத் தூள் மாதிரி ஒரு பொருள் கிடையாது. செட்டியார் பொம்மையின் மூக்கு இந்த வருடம் உடையாமல் பிழைத்தது. மேல் மாடிக்காரர்களும் ஒரு பை வாங்கிப் போனார்கள்.

ஆனாலும் 4,300 ரூபாய்க்கு எல்லார் வீட்டுக்கும் இது தேவையா என்றால், இல்லை. மாதத்துக்கு நாலு கடிதம்தான் வருகிறது என்றால் ஒரு வாளித் தண்ணீர் போதும். தாளைக் கிழித்துப் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்தால் கூழாகிவிடும். எங்கள் ஆயா பழைய தாளை இப்படி ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டி, மூங்கில் முறத்துக்கும் கூடைக்கும் பூசுவார். அந்தக் கூடையில் யாரும் அக்கவுன்ட் நம்பர் படிக்க முடியாது. மெட்ரோ வாட்டர் லாரி வராத வாரத்தில் மட்டும் இந்த யோசனை செல்லாது.

ரோலரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணத் தாளில் கச்சாமுச்சாவென்று எழுத்துகளை அச்சடித்து அடியில் இருப்பதை மறைக்கிறது. ஆனால் லேசர் பிரிண்ட்டாக இருந்தால் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாலே அடியில் இருக்கிற எழுத்து தனியாக மினுங்குகிறது. நான் முக்கியமாக வாங்கியது ஆன்லைன் பார்சல் லேபிளுக்காக. பெயர், விலாசம், சில சமயம் போன் நம்பர், எல்லாம் அதில்தான் இருக்கும். அட்டைப்பெட்டியை அப்படியே குப்பையில் போடுகிறோம். ஆனால் அந்த லேபிள் வழவழப்பானது, மை பிடிக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தால் மை போய் என் பெயர் பளிச்சென்று நிற்கிறது.

இதற்குக் காசில்லாத வழி இருக்கிறது. பெரும்பாலான லேபிள்கள் சூட்டில் அச்சாகிற தாள், கடை பில் மாதிரி. லேபிளை உரித்து அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு பழைய துணி வைத்து அழுத்தினால் தாள் முழுக்கக் கருப்பாகிவிடும், எழுத்தும் கருப்பு, பின்னணியும் கருப்பு. பாலிதீன் கவர் மேல் ஒட்டியிருக்கும்போதே தேய்த்தால் கவர் உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும், உரித்துவிட்டுச் செய்யுங்கள்.

இத்தனை செய்தும், ஜெராக்ஸ் கடையை விட்டுவிட்டால் எல்லாம் வீண். ஆதாரை வாட்ஸ்அப்பில் அந்தக் கடை நம்பருக்கு அனுப்புகிறோம், தம்பி டவுன்லோட் செய்து பிரிண்ட் எடுக்கிறார், ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். ஃபைல் அங்கேயே இருக்கிறது. எங்கள் தெரு கடையில் திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பாதி ராயபுரம் இருந்தது. இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருடம், அதுதானே பாஸ்வேர்டு? தம்பி நம்மிடம் கேட்டுத்தான் திறக்கிறார். நல்ல பையன்தான், “டெலீட் பண்ணிடு தம்பி, ரீசைக்கிள் பின்லயும் எடுத்துடு” என்றால் முகம் சுளிக்காமல் செய்கிறார். சொன்னால்தான் செய்கிறார், அவ்வளவுதான்.

இப்போது நான் கொடுப்பது மறைத்த ஆதார். ஆதார் இணையதளத்தில் டவுன்லோட் செய்யும்போதே கேட்கும், தேர்ந்தெடுத்தால் பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி நான்கு மட்டும் தெரியும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அறிக்கை போனாலும் வசதி இருக்கிறது. சில கவுன்டர்களில் இதை வாங்க மாட்டேன் என்பார்கள். ஒரு நிமிடம் நின்று பேசினால் பாதி இடத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். வாங்காத இடத்தில் முழு நகலைக் கொடுத்து, படத்தின் மேல் படாமல் எண்ணுக்குக் குறுக்கே, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஆபீசில் எங்களுக்கு வரும் நகல்களில் இப்படி எழுதி வருவது மிகக் குறைவு. எழுதியிருக்கிற நகலை இன்னொரு காரியத்துக்கு யாரும் எளிதில் எடுக்க முடியாது, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன்.

காசில்லாமல் கிடைக்கிற சேவைகளுக்கும் மார்க் போட்டுவிடுகிறேன். ஆதார் கைரேகைப் பூட்டு: ஆப்பில் ஒரு தடவை பூட்டினால், நம் ரேகையை யார் எங்கே வைத்தாலும் ஏற்காது. பத்திரப்பதிவுத் தாள்களிலிருந்து ரேகையை நகலெடுத்து, வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் ஹைதராபாத்தில் பிடிபட்டிருக்கின்றன. அதற்கு இந்தப் பூட்டு நேரான மருந்து. ஒரே தொல்லை, ரேஷன் கடை. மாமியார் அங்கே விரல் வைத்தபோது மிஷின் ஏற்கவில்லை, ‘என்னடி பண்ணி வெச்ச என் கைய’ என்று போனில் ஒரே சத்தம். தற்காலிகமாகத் திறக்கலாம், ஆனால் பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். கல்மண்டபம் ரேஷன் கியூவில் பத்து நிமிடம் எந்த மூலைக்கு? வரிசையில் தனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். என் மகன் காலேஜிலிருந்தே திறந்துவிடுகிறான்.

சஞ்சார் சாத்தி என்கிற தொலைத்தொடர்புத் துறையின் தளம் 2023-ல் வந்தது. நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று ஓடிபி போட்டால் காட்டிவிடும். ஒரு ஆளுக்கு ஒன்பது வரை அனுமதி என்பதால், நமக்குத் தெரியாமல் இரண்டு மூன்று ஒளிந்திருக்க இடம் இருக்கிறது. எனக்கு நான்கு காட்டியது. என்னுடையது, மாமியாருடையது, மகனுடையது, எப்போதோ வாங்கிய இன்டர்நெட் டாங்கிள். டாங்கிளுக்கு ‘தேவையில்லை’ என்று போட்டுவிட்டேன்.

தையல்கார அக்காவுக்கு உண்மையில் உதவியது, ஒருவர் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டுகிற கிரெடிட் ரிப்போர்ட்தான். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும், 2017 முதல் இது இருக்கிறது. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் கண் வைத்த மாதிரி ஆகும். அக்கா ரிப்போர்ட்டை எடுத்து, அந்தக் கடன் தன்னுடையது இல்லை என்று ஆட்சேபணை போட்டார். சைபர் கிரைம் தளத்தில் கொடுத்த புகாரின் நகலையும் சேர்த்தோம். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்று விதி இருப்பதைக் கடிதத்தில் எழுதச் சொன்னது நான். கெடுவுக்குள் நீக்கிவிட்டார்கள். அக்காவுக்கு அந்த நூறு ரூபாய்கள் வரவில்லையே என்று சின்ன வருத்தம்கூட. பணமே கணக்கிலிருந்து போயிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும்.

இலவச ஆப் விளம்பரங்களில் கிரெடிட் ஸ்கோர் பார்க்கலாம் என்று வருமே, அங்கே போய்ப் பான் எண்ணைக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே கடன் வேண்டுமா என்று போன் வர ஆரம்பித்துவிடும். அந்த நான்கு நிறுவனங்களின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள்.

திரும்ப வாங்குவேனா? பெட்டியை, மூடியை மட்டும் பெரிதாக்கி, கண்ணை மூடிக்கொண்டு. ஷ்ரெடரை, ஆபீஸ் தாளை வீட்டுக்குக் கொண்டுவருகிற வேலை எனக்கு இருப்பதால், ஆம். இல்லாவிட்டால் வாளிதான். ரோலர் வேண்டவே வேண்டாம். மை முக்கால்வாசி இருக்கிறது, ராயபுரம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.